கைக்கரை

எங்கள் ஓராத்தீவில் அந்தப் பாட்டைத் தொடங்கினால் நிழல்கள் எழும்பிப் போய்விடும். போகிறதென்றால் மங்கி மறைகிற போக்கில்லை. விருந்துக்கு வந்தவன் நேரமாகிவிட்டது என்று சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்புகிற மாதிரி, காலடியில் கிடந்த நிழல் மெல்ல எழும்பி, குதிக்காலில் ஒட்டியிருந்த நுனியைப் பிய்த்துக்கொண்டு, ஆடுகிறவனை ஆட விட்டுவிட்டு, ஹோட்டல் வேலியைத் தாண்டி, கோயில் வளவைத் தாண்டி, தீவை இரண்டாக அறுத்துக்கொண்டு கிடக்கிற கழியின் சேற்றுத் தண்ணீரில் இறங்கி, அக்கரையில் கருவாடு போடுகிற ஒரு மனுசியின் முற்றத்தில் போய் நிற்கும். பாட்டு முடிந்தாலும் வராது. பொழுது படுகிற நேரம்தான் வரும், முழங்கால் மட்டும் சேறாக. இதைக் கேட்டு வாய் பிளக்கிறவர்கள் வெளியூர்க்காரர். எங்களுக்கு அது காற்றுத் திரும்புகிற மாதிரி, கணவாய் மீன் படுகிற காலம் வருகிற மாதிரி. நாங்கள் அதற்கு அதிசயப்படவில்லை. வெட்கப்பட்டோம், அதுவும் பிந்தித்தான்.

பாட்டைச் சொல்லவேண்டும். பைலாப் பாட்டுத்தான். பறங்கியர் கப்பலின் மேல்தட்டில் வந்தவர்களும், அதே கப்பலின் அடித்தட்டில் பூட்டிக் கொண்டுவரப்பட்டவர்களும் விட்டுப்போன தாளம் அது. கலியாணமென்றாலும் ஞானஸ்நானமென்றாலும் அந்தத் தாளம் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு இடுப்பு தன்பாட்டில் கழன்றுகொள்ளும், கிழவன் கதிரையை விட்டு எழும்புவான், வலைக்குச் சண்டை பிடித்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போடுவார்கள். எங்கள் பைலாவுக்கு ஒரு குணம், ஆரையாவது நக்கலடிக்காமல் அது நகராது. மீன் படாதவனை நக்கலடிக்கும், பெண்டாட்டிக்குப் பயந்தவனை நக்கலடிக்கும். பேர் அடிபட்டவன் கோபிக்கமாட்டான், அடுத்த கலியாணத்தில் தான் ஒரு பாட்டுக் கட்டித் திருப்பி அடிப்பான். திருப்பிப் பாட வாயில்லாத ஆளின் பேரில் பாட்டுக் கட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் முந்தையவர்கள் சொல்லிவைக்கவில்லை. அப்படி ஒருவன் செய்வான் என்று அவர்கள் நினைக்கவில்லையோ என்னவோ.

பிரகாசி அக்கரைப் பெண். மாப்பிள்ளை இக்கரை. கோயில் இருப்பதும் இக்கரையில். அப்படியான கலியாணத்துக்குப் பெண் வள்ளத்தில்தான் வருவாள். வள்ளம் தரை தட்டுகிற இடத்துக்கும் காய்ந்த மணலுக்கும் நடுவில் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் கிடக்கும், மாப்பிள்ளை வீட்டு ஆம்பிளைகள் அதற்குள் இறங்கி வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, பெண்ணின் கால் நனையாமல் அவளைக் கரையேற்ற வேண்டும். அதற்குக் கைக்கரை என்று பேர். கையாலே கட்டின கரை. கைக்கரை நடந்து முடிந்தால்தான் கோயில் மணி அடிக்கும்.

அன்றைக்குப் பிரகாசி வள்ளத்திலிருந்து காலெடுத்து வைத்தாள், வழுக்கினாள், விழுந்தாள். தலைமுக்காடு ஒரு பக்கம் மிதந்தது, பூச்செண்டு ஒரு பக்கம் மிதந்தது. மாப்பிள்ளை சிரித்தான். மாப்பிள்ளையே சிரித்தபிறகு மற்றவர்களுக்கு என்ன, கரை முழுக்கச் சிரித்தது. அவள் எழும்பினாள். கொசுவத்தை ஒரு கையால் அள்ளிப் பிடித்தாள். கரைக்கு வராமல், வள்ளத்திலும் ஏறாமல், வந்த பக்கமே திரும்பி, முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து, வற்றுத் தண்ணீரில் கழியை நடந்தே கடந்து போய்த் தகப்பன் வீட்டுக் கதவைச் சாத்தினாள். கதவு சாத்திய சத்தம் இக்கரைக்குக் கேட்டது. தண்ணீருக்கு மேலால் சத்தம் நன்றாகப் போகும், வரும்.

கலியாணம் இல்லையென்று ஆகிவிட்டது. ஆனால் இறைச்சி வெந்தாகிவிட்டது, பந்தல் போட்டாகிவிட்டது, வாத்தியக்காரர் சுதி கூட்டியாகிவிட்டது. சமைத்த சோற்றைக் கொட்டக்கூடாது, முறுக்கின கம்பியை இளக்கக்கூடாது என்பது எங்கள் ஊர் ஞாயம். ஆகவே சாப்பிட்டோம். சாப்பிட்டபிறகு சும்மா இருக்க முடியுமா. மாப்பிள்ளையின் கூட்டாளி பவுஸ்தீன், பஞ்சோ வாசிக்கிறவன், முதல் பந்தி முடிவதற்குள் பாட்டைக் கட்டிவிட்டான்.

வள்ளம் வந்து நின்றதடி, பிரகாசி – உன்
வலது காலு வழுக்கிச்சோடி, பிரகாசி?
மாப்பிள்ளை கரையிலதான், பிரகாசி – நீ
மாலை போட்டது மீனுக்கோடி, பிரகாசி?

பாட்டு நல்லாயிருந்தது. அதுதான் பிழை. கெட்ட பாட்டாக இருந்திருந்தால் அன்றைக்கே செத்திருக்கும். அவளுடைய கலியாணச் சோற்றைத் தின்றுவிட்டு, அவளுடைய கலியாணப் பந்தலில், அவள் கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்க, பின்னேரம் முழுக்க ஆடினோம். பாட்டோடு சேர்ந்து ஆட்டமும் பிறந்தது, ஆரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு சறுக்கு, பிறகு கொசுவத்தைப் பிடிக்கிற கை, பிறகு முழங்காலைத் தூக்கித் தூக்கித் தண்ணீரில் நடக்கிற நடை. அதற்கும் பேர் வந்தது, சறுக்காட்டம்.

மாப்பிள்ளை அடுத்த வருசமே வேறு பெண் கட்டி, பிறகு இத்தாலிக்குப் போய், அங்கேயே செத்துப்போனான். அவன் பேர் என்னவென்று இப்போது கேட்டால் இரண்டு ஆள் இரண்டு பேர் சொல்வார்கள். அவளுடைய பேர்தான் சாகவில்லை. அந்தப் பேரை ஒரு பிள்ளைக்கும் வைக்கமுடியாமல் போய்விட்டது. ஏனென்றால் வாயைத் திறந்து பிரகாசி என்றால் அது பேராக வராது, பாட்டாகத்தான் வரும், கடைசி எழுத்து தானாக இழுபட்டு மேலே ஏறும். ஆகவே அவளையும் ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கருவாட்டு அக்கா என்போம், அக்கரையாள் என்போம். தகப்பன் செத்தபிறகு அவள் தனியாகச் சூடை, கீரி, வாளை மீன்களை வாங்கிப் பிளந்து உப்புப் போட்டுக் காயவைத்து விற்றாள். இக்கரைக்கு அவள் வருவதே இல்லை, பூசைக்குக்கூட. சனம் வள்ளத்தில் போய் வாங்கிக்கொண்டு வரும். வாங்கும், கொடுக்கும், ஒரு பேரும் சொல்லாமல் திரும்பும்.

அப்படி ஒரு தலைமுறை போனது. பிறகு ஹோட்டல் வந்தது.

கொழும்பிலிருந்து மனேஜராக வந்தவர் நிர்மலன் என்ற மெலிந்த மனுசன், நல்லவர், எல்லோரையும் நீங்கள் நாங்கள் என்றே கதைப்பார். கடல் எல்லாத் தீவிலும் இருக்கிறது, தென்னை எல்லாத் தீவிலும் இருக்கிறது, உங்கள் தீவில் மட்டும் இருப்பது என்ன என்று வந்த கிழமையே கேட்டார். நாங்கள் யோசித்தோம். பவுஸ்தீன் பஞ்சோவை எடுத்தான். அவ்வளவுதான் நடந்தது.

அதன்பிறகு காலையில் சாப்பாடு முடிந்ததும் நீச்சல் தடாகத்தின் கரையில் சறுக்காட்டப் பாடம். உல்லாசப் பயணிகளை நாங்கள் உல்லாசக்காரர் என்போம். உல்லாசக்காரர் இடுப்பில் சாரம் சுற்றிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், பவுஸ்தீன் கோஷ்டி வாசிக்கும், எங்கள் பெட்டைகள் முன்னுக்கு நின்று ஆடிக் காட்டுவார்கள். சறுக்கு, பிடி, தூக்கி வை, தூக்கி வை. நோர்வேக்காரரும் சறுக்கினார்கள், சீனாக்காரரும் சறுக்கினார்கள், எண்பது வயது வெள்ளைக்கார மனுசி ஒருத்தி ஊன்றுகோலோடு சறுக்கினாள். பாட்டுக்கு என்ன கருத்து என்று அவர்கள் கேட்டால், கடலைக் கலியாணம் கட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் மகிழ்ச்சி என்று மனேஜர் சொல்லுவார். கேட்டு அவர்கள் கண்கலங்குவார்கள். நாங்கள் வேறுபக்கம் பார்ப்போம்.

அந்தப் பாட்டாலே ஊருக்கு வந்ததை மறைக்கக்கூடாது. கோயிலுக்கு ஓடு வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கக்கூசு வந்தது. ஐஸ் வந்தது, ஐஸ் வந்ததால் மீன் நல்ல விலைக்குப் போனது. இத்தாலிக்கு ஓட இருந்த பொடியன்கள் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு தட்டம் ஏந்தி ஊரிலேயே நின்றார்கள், தாய்மார் நிம்மதியாகச் சோறு தின்றார்கள். எங்கள் அடுப்பு அந்தத் தாளத்தில்தான் எரிந்தது. அவளுடைய முழங்கால் உயர உயர எங்கள் கூரையும் உயர்ந்தது என்று சொன்னால் சரி.

பிறகு மனேஜர் ஒரு பலகை செய்வித்தார். ஆளுயரப் பலகையில் ஒரு மணப்பெண் தண்ணீரில் விழுகிற மாதிரிப் படம், சேலை ஒரு பக்கம், பூச்செண்டு ஒரு பக்கம், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. உல்லாசக்காரர் பின்னாலே நின்று ஓட்டைக்குள் முகத்தை வைத்துச் சிரித்துப் படம் எடுப்பார்கள். பலகையை நட்ட மறுநாள் காலைப் பாடத்தில்தான் நிழல்கள் முதல்முதல் போயின.

ஏன் அன்றைக்கு, ஏன் அதற்கு முந்தி இல்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பவுஸ்தீன் முதல் தட்டுத் தட்டினான், பேர் வந்தது, எங்கள் நிழல்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. மேளக்காரனின் நிழல் மேளத்தை வைத்துவிட்டுப் போனது. பெட்டைகளின் நிழல்கள் போயின. தட்டம் ஏந்தினவனின் நிழல் தட்டத்தைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டுப் போனது. உல்லாசக்காரரின் நிழல் மட்டும் அவர்கள் காலடியில் கிடந்து, பாவம், ஒன்றும் தெரியாமல் சறுக்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மூன்று நாளிலேயே சனம் விசயத்தைப் பிடித்துவிட்டது. பாட்டின் கதை தெரிந்தவர்களின் நிழல்தான் போகிறது, தெரியாதவர்களின் நிழல் கிடக்கிறது. இது தெரிந்தபிறகு ஊரில் ஒளிப்பு மறைப்பு இல்லாமல் போய்விட்டது. மனேஜர் தனக்கு அந்தப் பழைய கதை ஒன்றும் தெரியாதென்று எப்போதும் சொல்லுகிறவர். அவருடைய நிழல்தான் முதல் வரிசையில் போனது, கழுத்துப்பட்டியோடு. அவர் அன்றைக்கு முழுக்கக் கந்தோர் அறையை விட்டு வெளியே வரவில்லை. புதிதாக மாறி வந்த பங்குச் சுவாமி தீர்த்தச் செம்பும் அந்தோனியார் சுருவமும் எடுத்துக்கொண்டு, பேயோ பிசாசோ பார்ப்போம் என்று அக்கரைக்கு வள்ளத்தில் போனார். போனால் அவருடைய நிழல் அங்கே ஏற்கனவே வரிசையில் நிற்கிறது. ஆரோ அவருக்கு வந்த முதல் நாளே கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சுவாமி தீர்த்தத்தைத் தன்மேலேயே தெளித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

ஆனால் சனம் எதற்கும் பழகிவிடும். வந்திட்டுதோ என்று பொழுதுபட ஒருவரை ஒருவர் கேட்பார்கள், வந்திட்டுது, சேறுதான் கழுவவேணும் என்பார்கள். நிழல் படுத்த சுவரில் முழங்கால் மட்டும் சேறு பிடிக்கும், பெண்டுகள் சனிக்கிழமைகளில் தேய்த்துக் கழுவினார்கள். கதை தெரியாத சின்னப் பிள்ளைகளின் நிழல் வீட்டிலேயே கிடந்தது. எந்த வயதில் பிள்ளைக்குச் சொல்லுவது என்று தாய்மாருக்குள் பேச்சு நடந்தது. சொல்லாமலே ஒருநாள் பிள்ளையின் நிழல் எழும்பிப் போகும், தாய் பார்த்துப் பெருமூச்சு விட்டு, இவனுக்கும் தெரிஞ்சு போச்சு என்பாள். எங்கள் ஊரில் பிள்ளை பெரிய ஆளாகிற கணக்கு அப்படியாகிவிட்டது. ஹோட்டலுக்கு இதனாலும் லாபம். நிழலில்லாமல் ஆடுகிற தீவு என்று கேள்விப்பட்டு உல்லாசக்காரர் இரண்டு மடங்காக வந்தார்கள். வெயிலில் நிற்கச்சொல்லி எங்கள் காலடியைப் படம் எடுத்தார்கள். நாங்கள் நின்றோம்.

சுவாமிக்குப் பிறகு அக்கரை முற்றத்தில் என்ன நடக்கிறதென்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. கருவாடு வாங்கப் போவதையும் நிறுத்திவிட்டோம். நம்முடைய நிழல் நிற்கிற இடத்தில் போய் நாமும் நிற்பதற்கு ஒரு முகம் வேண்டும்.

அவள்தான் வந்தாள். ஒரு காலைப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, வள்ளம் கேட்காமல், வற்றுத் தண்ணீரில் நடந்து, நனைந்த சீத்தைச் சேலையோடும் கருவாட்டு மணத்தோடும் ஹோட்டல் வாசலால் உள்ளே வந்து தடாகத்தின் கரையில் நின்றாள். பவுஸ்தீனின் விரல் கம்பியிலேயே நின்றுவிட்டது. மேளம் இரண்டு தட்டுத் தனியாகத் தட்டி, வெட்கப்பட்டு நின்றது. உல்லாசக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களுக்குள் இரக்கமான ஒரு மனுசி, இந்த ஊர்க்காரி படம் எடுக்க ஆசைப்பட்டு வந்து கூச்சப்படுகிறாள் என்று நினைத்தாளாக்கும், அன்பாகச் சிரித்து, அவளுடைய கையைப் பிடித்து, கூட்டிக்கொண்டு போய், பலகைக்குப் பின்னால் நிறுத்தி, இதுக்குள்ளே முகத்தை வையுங்கள் என்று தன் முகத்தால் செய்து காட்டினாள்.

தடுக்க ஒருவருக்கும் கால் வரவில்லை. எங்களுக்கு எப்போதும் அந்த இடத்தில்தான் கால் வராமல் போகிறது.

அவள் அந்த ஓட்டையைப் பார்த்தாள். குனிந்து முகத்தை வைத்தாள். அத்தனை வருசமாகப் பாட்டிலே விழுந்துகொண்டிருந்த மணப்பெண்ணுக்கு ஒரு முகம் வந்தது, வெயிலில் கறுத்து, உப்புப் பிடித்து, பல் இரண்டு போன முகம். அது எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. உல்லாசக்காரர் கைதட்டினார்கள். அந்த ஓட்டைக்குள்ளிருந்தே அவள் கதைத்தாள்.

"உங்கட நிழலுகளை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. முற்றம் முழுக்க அதுகள் நிண்டால் நான் மீனை எங்கே காயப்போடுறது? வெயிலே விழுதில்லை. சூடை முழுக்கப் புழுப்பிடிச்சுப் போச்சு."

பவுஸ்தீன்தான், அவனும் இப்போது கிழவன், பஞ்சோவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அதுகள் வந்து என்ன செய்யுதுகள், அக்கா?"

"என்ன செய்யிறது. வரிசையா நிண்டு கையை நீட்டுதுகள். பிச்சை கேக்குதுகளாக்கும் எண்டு ஒருநாள் கருவாட்டுத் துண்டு வச்சுப் பார்த்தன். எடுக்கேல்லை."

சொல்லிவிட்டு முகத்தை எடுத்தாள். ஓட்டை பழையபடி ஓட்டையானது. நடந்து போய்விட்டாள்.

அன்றைக்கு மாலை கோயில் வளவில் ஊர் கூடினது. ஹோட்டல் பாட்டை விட்டால் ஊர் என்ன ஆகும், விடாவிட்டால் அவளுடைய பிழைப்பு என்ன ஆகும் என்று மனேஜர் இரண்டு பக்கமும் மெதுவாக எடுத்துச் சொன்னார். பாட்டில் பேரை மட்டும் மாற்றினால் என்ன என்று ஒருவர் சொன்னார், அதையும் ஒரு கிழமை செய்து பார்த்தோம், ரோசலின் என்று. நிழல்கள் அதற்கும் போயின, குசினியில் வேலைசெய்கிற ரோசலின் அகப்பையோடு வந்து நின்றதுதான் மிச்சம். பாட்டையே நிறுத்திப் பார்த்தோம். பாட்டு நிற்கவில்லை. பானை கழுவுகிறவளின் வாய் முணுமுணுத்தது, வலை இழுக்கிறவனின் கால் தட்டியது, நிழல்கள் ஒவ்வொன்றாக எழும்பி நடந்தன. உல்லாசக்காரரின் படகு பாதியாகக் குறைந்தது.

மறுபடி கூடினோம். அப்போதுதான் மெற்றில்டா மாமி, செத்த மாப்பிள்ளையின் தமக்கை, காது கேளாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த மனுசி, தரையைப் பார்த்தபடி ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள்.

"சப்பாத்து."

சொன்னதும் எல்லோரும் குனிந்து தங்கள் தங்கள் காலைப் பார்த்தோம். ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். பாட்டில் வள்ளம் வரும், கால் வரும், மீன் வரும். சப்பாத்து வராது. அந்தக் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொழும்பிலிருந்து புதுச் சப்பாத்து எடுப்பித்திருந்தார்கள், கூர் மூக்கு வைத்த மினுமினுக்கிற கறுப்புச் சப்பாத்து, தீவில் முதல்முதல். படம் எடுக்கிறவனும் வந்திருந்தான். பெண்ணின் வள்ளம் தரை தட்டியது. கைக்கரைக்கு இறங்கவேண்டியவர்கள் வரிசையாகக் காய்ந்த மணலில் நின்றார்கள். ஒருவன் மற்றவனைப் பார்த்தான், மற்றவன் தன் காலைப் பார்த்தான். கழற்றினால் படத்துக்கு வடிவில்லை, கழற்றாமல் இறங்கினால் சப்பாத்துப் போச்சு. அவள் வள்ளத்தின் விளிம்பில் நின்று கையை நீட்டினாள். நீட்டின கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தானாகவே இறங்கினாள்.

தண்ணீருக்குக் கிட்ட நின்றவன் பவுஸ்தீன். ஒரு கையில் பஞ்சோ. மற்றக் கை சும்மாதான் இருந்தது.

எங்கள் தீவில் ஒரு பழஞ்சொல் உண்டு, கால் நனைந்தால் கரைக்கு வெட்கம் என்று. கலியாணப் பெண்ணின் கால் நனைந்தால் வெட்கம் அவளுக்கு இல்லை, நனையவிட்ட கரைக்குத்தான். அந்த வெட்கத்தை அன்றைக்கே வாங்கித் தோளில் போட்டிருந்தால் அது ஒரு நாள் பாரம். நாங்கள் அதைப் பாட்டாகக் கட்டி அவள் தலையில் வைத்து, தாளம் போட்டு, உலகம் முழுக்க ஆட்டிக்காட்டிவிட்டோம். செய்யவேண்டியதை எங்கள் நிழல்கள்தான் ஒவ்வொரு நாளும் போய்ச் செய்துகொண்டிருந்தன, சேற்றில் இறங்கி, கையை நீட்டி.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர் வள்ளங்களில் ஏறி அக்கரைக்குப் போனது. ஆரும் மேளம் கொண்டுபோகவில்லை. அவளுடைய முற்றத்துக்கு நேரே, தண்ணீர் நடுவே வள்ளங்களை நிறுத்தி, ஆம்பிளை பொம்பிளை எல்லோரும் சேற்றில் இறங்கி வரிசையாக நின்றோம். மனேஜர் காற்சட்டையோடு நின்றார். சுவாமி அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். பவுஸ்தீன் ஹோட்டல்காரர் கொடுத்த வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றாமல் எல்லோருக்கும் முன்னாலே இறங்கினான், முழங்காலுக்கு மேலே போனான். அந்த இரண்டு கையையும் நீட்டினான். காலையில் ஆரோ முணுமுணுத்த பாட்டுக்கு முந்தியே வந்துவிட்ட எங்கள் நிழல்களும் கரையில் அதே மாதிரி நின்றன.

அவளைக் கூப்பிடவேண்டும். பவுஸ்தீன் பேரைச் சொன்னான். பாட்டாக வந்தது, கடைசி எழுத்து மேலே ஏறியது. வள்ளத்தில் இருந்த பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். அவன் மறுபடி சொன்னான், மறுபடியும் பாட்டு. வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். தானே ஏற்றிவிட்ட சுதியைத் தானே இறக்க முடியாமல் அந்தக் கிழவன் தண்ணீருக்குள் நின்று பட்ட பாட்டைப் பார்க்க ஏலாது. பிறகு மூச்சை விட்டு, சோறு தா என்று கேட்கிற குரலில், தாளமில்லாமல், தட்டையாக, "பிரகாசி" என்றான்.

கதவு திறந்தது.

"ஆரது, பாட்டில்லாமல் என்ர பேரைச் சொன்னது?"

"நான்தான். பவுஸ்தீன். கைக்கரைக்கு வந்திருக்கிறம். இறங்கி வா, கை தாறம்."

அவள் வாசலில் நின்று, சேற்றில் நிற்கிற ஊரை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை பார்த்தாள். நீட்டின கைகளைப் பார்த்தாள். பவுஸ்தீனின் சப்பாத்தைத் தேடினாள் போல, அது சேற்றுக்குள் இருந்தது.

"எங்கே இறங்கிறது?" என்றாள். "நான் எத்தனையோ வருசமாக் கரையிலதான் நிக்கிறன். தண்ணிக்குள்ள நிக்கிறது நீங்கள்."

கையை மடக்கவும் தெரியவில்லை, நீட்டியே வைத்திருக்கவும் தெரியவில்லை. சேறு காலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போகத் திரும்பினாள், பிறகு நின்று சொன்னாள்.

"ஏறி வாறதெண்டால் வாங்கோ. மீனை மிதியாமல் வாங்கோ."

ஏறினோம். வள்ளக்காரன் மனேஜருக்குக் கை கொடுத்தான், மனேஜர் மெற்றில்டா மாமிக்குக் கை கொடுத்தார், மாமி சுவாமியின் அங்கியைப் பிடித்து இழுத்தாள். பவுஸ்தீனுக்குக் கை கொடுக்க எங்களுக்குள் யாருக்கும் முதலில் மனம் வரவில்லை, கடைசியில் மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம், சப்பாத்து இரண்டும் சேற்றோடு போயின. கரையில் கால் வைத்தவர்களின் நிழல்கள் ஒவ்வொன்றாக வந்து குதிக்காலில் ஒட்டிக்கொண்டன, கனமாக. முற்றத்தில் வெயில் விழுந்தது. அவள் ஒரு கதையும் கேட்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை ஆரோ எடுக்கப் போனார், அவள் அதற்குள் பாயைக் காட்டி, மற்றப் பக்கம் திருப்பிப் போடுங்கோ என்றாள். ஊர் முழுக்கக் குந்தியிருந்து சூடை திருப்பினோம். கை நாறியது. அந்த நாற்றம் நாலைந்து நாளைக்குப் போகவில்லை, ஆரும் போக்கவும் பார்க்கவில்லை.

பலகையை மனேஜர் பிடுங்கி எரிக்கப் போனபோது அவள் ஆள் விட்டு அதைக் கேட்டு வாங்கினாள். நல்ல பலகை, எரிக்கப்படாது என்றாளாம். இப்போது அது அவளுடைய முற்றத்தில் மட்டமாகக் கிடக்கிறது, விழுகிற மணப்பெண்ணின் மேலே கீரிக் கருவாடு காய்கிறது, முகம் வைக்கிற ஓட்டையால் உப்புத் தண்ணீர் வடிகிறது. இக்கரைக்கு அவள் வருவதில்லை. பூசைக்கும் இல்லை. அது அவள் இஷ்டம். பேரை மட்டும் ஒருசிலர் பாட்டில்லாமல் சொல்லப் பழகிவிட்டோம், கருவாடு வாங்கப் போகும்போது, மெதுவாக, சுதி ஏறிவிடாமல் பிடித்துப் பிடித்து.

ஹோட்டலில் பாட்டு இன்னும் போகிறது. அதை விட எங்களால் முடியவில்லை, சொல்லத்தான் வேணும், ஓடும் ஐஸும் பிள்ளைகளும் அதில்தான் இருக்கிறது. பேரில்லாமல் வாசிக்கிறார்கள், வெறும் பஞ்சோவும் மேளமும். நிழல்கள் போவதில்லை. ஆட்டத்தில்தான் ஒன்று மாறிப்போனது, அதையும் ஆரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சறுக்குகிற இடம் வந்ததும் எங்கள் ஆட்களுக்குக் கால் சறுக்காது. அந்த இடத்தில் தாளத்தை விட்டுவிட்டு, வலது கையை முன்னாலே நீட்டிக்கொண்டு ஒரு கணம் நிற்பார்கள். பிறகுதான் மற்ற நடை. உல்லாசக்காரர் அதையும் பாடத்தில் பழகிவிட்டார்கள், அழகான நிலை என்கிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டு வந்து, நீட்டின கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள்.

நாங்கள் நீட்டினபடியே நிற்போம், அடுத்த தட்டு வரும்வரை.